அக்ரிங்டன்: தானே கடிதம் எழுதி வெளியேறிய ஊர்

புதன், மான்செஸ்டர்

இங்கிலாந்து கால்பந்து என்றால் நம்மூரில் நாலைந்து பெயர்கள்தான் அடிபடும். மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்செனல், செல்சி என்று. பிரீமியர் லீக்கின் 20 கிளப்புகளுக்குக் கீழே இன்னும் மூன்று டிவிஷன்கள், 72 கிளப்புகள் இருக்கின்றன. அவற்றில் கடைசி டிவிஷனுக்கு லீக் டூ என்று பெயர். கணக்குப்படி அது நாலாவது படி. அங்கே ஆடும் அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற கிளப்பின் கதையைத் தேடித்தான் இந்தப் பயணம்.

மான்செஸ்டரில் இருக்கும் பெரியம்மா மகனிடம் சொன்னபோது அவருக்குப் புரியவே இல்லை. "ஏன்டா, இவ்வளவு தூரம் வந்துட்டு ஓல்டு டிராஃபோர்டு பாக்காம அங்கயா போறே?" என்றார். "அண்ணா, ஓல்டு டிராஃபோர்டு எங்கேயும் போயிடாது. இந்த ஊர் ரெண்டு தடவை லீக்கை விட்டே போயிருக்கு" என்றேன். அப்புறம் அவரே நேஷனல் ஃபுட்பால் மியூசியத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

அங்கே நான் பார்க்க நினைத்தது 1888-ஆம் ஆண்டின் கதையை. ஆஸ்டன் வில்லா கிளப்பைச் சேர்ந்த வில்லியம் மெக்ரெகர் மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதி, ஒரு நிலையான ஆட்ட அட்டவணை இருந்தால்தான் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களைக் கட்டுப்படியாக வைத்துக்கொள்ள முடியும் என்று வாதிட்டார். 1888 ஏப்ரல் 17 அன்று இதே மான்செஸ்டரில், ராயல் ஓட்டலில் கூடிப் பேசி உருவாக்கியதுதான் ஃபுட்பால் லீக். உலகத்தில் இன்று நடக்கும் அத்தனை கால்பந்து லீக் போட்டிகளுக்கும் மூத்தது அது. அந்த ஓட்டல் இப்போது இல்லை.

முதலில் சேர்ந்தவை 12 கிளப்புகள். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலிருந்து ஆறு, வடமேற்கில் இருக்கும் லங்காஷயர் பகுதியிலிருந்து ஆறு. லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. லங்காஷயர் ஆறில் பிரெஸ்டன், பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, எவர்டன் ஆகிய ஐந்தும் இன்றுவரை தொடர்ந்து இருக்கின்றன. ஆறாவது, அக்ரிங்டன். ஸ்டான்லிக்கு முன்னால் அந்த ஊரில் இருந்த வேறொரு கிளப் அது. முதல் சீசன் முடிந்தபோது அக்ரிங்டன் ஏழாவது இடம், எவர்டன் எட்டாவது இடம். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். எவர்டனுக்கு மேலே இருந்த ஊர்!

வியாழன், அக்ரிங்டன்

மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறினால் ரோச்டேல், டாட்மர்டன், பர்ன்லி வழியாக ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடலாம். டாட்மர்டன் தாண்டியதும் பென்னைன் மலைத்தொடரின் பச்சைச் சரிவுகள், கருங்கல் வேலிகள், ஆடுகள், அங்கங்கே ஆளில்லாத மில் புகைபோக்கிகள். ஊருக்குள் நுழையும்போது ரயில் ஒரு வளைந்த பாலத்தின் மேல் போகிறது. கீழே பார்த்தால் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்ட வரிசை வீடுகள்.

நான் கோவைக்காரன். ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்தவன். அக்ரிங்டனின் பழைய பிழைப்பும் அதேதான். பக்கத்தில் ஆஸ்வால்ட்விசில் என்ற ஊரில் இருந்த ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ்தான் 1760-களில் ஸ்பின்னிங் ஜென்னி என்ற நூற்பு இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர். அக்ரிங்டனில் 1853-ல் தொடங்கிய ஹோவர்டு அண்டு புல்லோ கம்பெனி நூற்பு இயந்திரங்கள் செய்து உலகெங்கும் அனுப்பியது. ஆயிரக்கணக்கான பேர் அங்கே வேலை பார்த்தார்கள். ரிங் பிரேம் என்று நம்மூர் மில்களில் இன்றும் சொல்கிறோமே, பிரிட்டனில் அதைப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தவர்கள் இவர்கள்.

இன்னொரு தொழில் செங்கல். ஹன்கோட் என்ற பகுதியில் சுட்ட நோரி செங்கல் இரும்பு மாதிரி கெட்டி என்று பெயர் வாங்கியது. பிளாக்பூல் டவரின் அடித்தளத்தில் எங்கள் செங்கல்தான் இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஒரு இடிந்த சுவரோரம் கிடந்த செங்கல்லைத் தூக்கிப் பார்த்தேன். நம்மூர்ச் செங்கல்லைவிட நல்ல கனம். இரத்தச் சிவப்பு, கண்ணாடி போல வழவழப்பான மேல்பக்கம், நடுப்பள்ளத்தில் அழுத்திய நான்கு ஆங்கில எழுத்துகள். நகத்தால் கீறினால் ஒரு துகள்கூட உதிரவில்லை.

1869-ல் திறந்த மார்க்கெட் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தார்னிஹோம் ரோடு போனேன். 1876-ல் ஆரம்பித்த அக்ரிங்டன் கிளப் ஆடிய மைதானம் அங்கேதான். இப்போது அது அக்ரிங்டன் கிரிக்கெட் கிளப். லீக்கைத் தோற்றுவித்த 12 கிளப்புகளில் ஒன்று ஆடிய புல்தரை இது. சும்மா ஒரு சின்ன ஊரின் கிரிக்கெட் மைதானம் என்றும் நினைத்துவிடாதீர்கள். லங்காஷயர் லீக் என்ற கிரிக்கெட் போட்டியின் கிளப்புகள் ஒவ்வொரு சீசனும் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு எடுப்பார்கள். அப்படி 1960-களின் தொடக்கத்தில் வெஸ் ஹாலும், 1991-ல் ஷேன் வார்னும் இதே மைதானத்தில் அக்ரிங்டனுக்காகப் பந்து வீசியிருக்கிறார்கள்.

கால்பந்துக்கு வருவோம். 1892-93 சீசனில் அக்ரிங்டன் முதல் டிவிஷனில் 16 கிளப்புகளில் 15-ஆவதாக முடிந்தது. அப்போதெல்லாம் கீழே வந்தவுடன் இறக்கிவிட மாட்டார்கள். கடைசி மூன்று கிளப்புகள், இரண்டாம் டிவிஷனின் முதல் மூன்று கிளப்புகளோடு ஒரு சோதனை ஆட்டம் ஆட வேண்டும். நாட்டிங்ஹாமில் ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் அக்ரிங்டன் 1-0 என்று தோற்றது. இரண்டாம் டிவிஷனுக்குப் போக வேண்டிய கட்டாயம். அங்கே போய் ஆடுவதற்குப் பதிலாக லீக்கிலிருந்தே ராஜினாமா செய்துவிட்டார்கள். மூன்று வருஷத்தில், 1896-ல், கிளப்பே இல்லாமல் போனது.

அதே சீசனில் 16-ஆவதாக, அதாவது அக்ரிங்டனுக்கும் கீழே, கடைசி இடத்தில் இருந்தது நியூட்டன் ஹீத் என்ற கிளப். அவர்கள் சோதனை ஆட்டத்தில் ஜெயித்துத் தப்பித்தார்கள். அடுத்த வருஷமே கீழே இறங்கியும்விட்டார்கள். ஆனால் ராஜினாமா செய்யவில்லை, இரண்டாம் டிவிஷனில் போய் ஆடினார்கள். 1902-ல் திவாலாகும் நிலையில் கை மாறி வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். மான்செஸ்டர் யுனைடெட் என்று. அண்ணனுக்கு உடனே மெசேஜ் போட்டேன்.

என் மனதில் உறைத்தது இதுதான். கீழே இறங்குவதால் ஒரு கிளப் சாவதில்லை. இறங்க மாட்டேன் என்று வெளியே போனால்தான் சாகிறது.

வெள்ளி, பீல் பார்க்

இன்று நாள் முழுவதும் ஸ்டான்லிக்கு. பழைய அக்ரிங்டன் கிளப் இருந்த காலத்திலேயே, 1891-ல், ஸ்டான்லி தெருப் பையன்கள் சேர்ந்து ஸ்டான்லி வில்லா என்று ஒன்று வைத்திருந்தார்கள். பெரிய கிளப் போன பிறகு ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டு அக்ரிங்டன் ஸ்டான்லி ஆனார்கள். 1919-ல் பீல் பார்க் மைதானத்துக்கு வந்தார்கள். 1921-ல் மூன்றாம் டிவிஷன் வடக்கு என்று லீக் புதிதாக ஒரு பிரிவைத் தொடங்கியபோது அதில் இடம் கிடைத்தது. 28 வருஷம் கழித்து ஊர்ப் பெயர் மறுபடி லீக் பட்டியலில்.

பீல் பார்க் ஊர் நடுவிலிருந்து நடக்கிற தூரம்தான். பின்னால் காப்பிஸ் என்று ஒரு குன்று. இப்போது அந்த மைதானம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடும் வெளி. பெயர்ப் பலகையைப் பார்க்காவிட்டாலும் இது பழைய ஸ்டேடியம் என்று கண்டுபிடித்துவிடலாம். தரை நடுவில் சமமாக இருக்கிறது, ஓரங்களில் மட்டும் புல் மூடிய மேடு எழும்புகிறது. ஆட்கள் நின்று பார்த்த இடம் அது. மேட்டின் மேல் ஏறி நின்றேன். காற்று பிய்த்துக்கொண்டு போனது. 1954-ல் பிளாக்பர்ன் ரோவர்ஸோடு நடந்த ஒரு நட்பு ஆட்டத்துக்கு இங்கே 17,000-க்கும் மேல் கூட்டம் வந்ததாம். ஊரின் மக்கள்தொகையே அப்போது நாற்பதாயிரத்தைச் சுற்றித்தான்.

அந்த 1950-கள்தான் பழைய ஸ்டான்லியின் பொற்காலம். வால்டர் கால்பிரெய்த் மேனேஜராக இருந்தார். ஸ்காட்லாந்திலிருந்து மலிவாக ஆட்டக்காரர்களைக் கொண்டுவருவது அவர் வழி. 1955-ல் ஒரு லீக் ஆட்டத்தில் இறங்கிய பதினொரு பேருமே ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள். அந்த சீசனில் பிரிவில் இரண்டாம் இடம், 1958-லும் இரண்டாம் இடம். முதல் இடத்துக்கு மட்டும்தான் பதவி உயர்வு என்பது அக்கால விதி. இரண்டு முறையும் தவறிப்போனது.

அப்புறம் எல்லாம் சேர்ந்து வந்தது. 1958-ல் லீக் தன் அமைப்பை மாற்றி வடக்கு, தெற்கு என்ற பிரிவுகளைக் கலைத்துவிட்டு நாடு முழுவதற்குமான மூன்றாம், நான்காம் டிவிஷன்களைக் கொண்டுவந்தது. அதுவரை பக்கத்து ஊர்களுக்குப் பஸ்ஸில் போய் ஆடிவிட்டு வந்தவர்கள் இங்கிலாந்தின் தென்கோடி வரை போக வேண்டியதாயிற்று. பயணச் செலவு, தங்கும் செலவு. அதே வருஷம் கிளப் ஒரு பெரிய காரியம் செய்தது. ஆல்டர்ஷாட் என்ற ஊரில் ராணுவ அணிவகுப்பு விழாவுக்குப் போட்டிருந்த ஒரு பார்வையாளர் ஸ்டாண்டை 1,450 பவுண்டுக்கு வாங்கினார்கள். விலை மலிவுதான். அதைப் பிரித்து, இருநூறு மைல் வடக்கே கொண்டுவந்து, மறுபடி நிறுத்துவதற்கு ஆன செலவு வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு. போதாததற்கு அது அணிவகுப்பைப் பார்ப்பதற்காகக் கட்டிய ஸ்டாண்டு. கால்பந்துக்கு அவ்வளவு தோதாகவும் அமையவில்லை.

1960-ல் நான்காம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். கூட்டம் குறைந்தது. குறையாமல் என்ன செய்யும்? கிழக்கே ஆறு மைலில் பர்ன்லி. அந்த 1960-ல்தான் அவர்கள் முழு இங்கிலாந்துக்கும் சாம்பியன். மேற்கே ஐந்து மைலில் பிளாக்பர்ன். அதே வருஷம் எஃப்.ஏ. கோப்பை என்ற நாடு தழுவிய நாக்அவுட் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஆடியவர்கள். 1961-ல் ஆட்டக்காரர்களுக்கு வாரத்துக்கு 20 பவுண்டு என்ற சம்பள உச்சவரம்பும் ஒழிந்தது. ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த நியாயம் அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சின்னக் கிளப்புகளுக்கு மூச்சு முட்டியதும் உண்மை.

எல்லாவற்றுக்கும் அடியில் பருத்தி இருக்கிறது. முதல் உலகப்போருக்கு முன் லங்காஷயர் துணியை மற்ற எந்த நாட்டையும்விட அதிகமாக வாங்கியது இந்தியா. பிறகு நம்மூரிலேயே மில்கள் பெருகின, ஜப்பான் போட்டிக்கு வந்தது, அந்நியத் துணி பகிஷ்காரமும் நடந்தது. 1931-ல் காந்தி இங்கிருந்து சில மைல் தள்ளி இருக்கும் டார்வென் ஊருக்கு வந்து, வேலையில்லாமல் இருந்த தொழிலாளிகளை நேரில் பார்த்தார். 1950-களின் கடைசியில் லங்காஷயர் மில்கள் கொத்துக்கொத்தாக மூடப்பட்டன. வாரக் கூலி நின்றுபோன ஊரில் சனிக்கிழமை டிக்கெட்டுக்குக் காசு எங்கிருந்து வரும்? எங்கள் பக்கத்தில் மில்கள் மூடிய காலத்தைப் பார்த்தவன் என்பதால், அந்த மேட்டில் நின்றபோது இது எனக்கு வெறும் பொருளாதாரமாகப் படவில்லை.

கடன் 60,000 பவுண்டு வாக்கில் ஏறியது. 1962-ல் பர்ன்லி கிளப்பின் சேர்மன் பாப் லார்டை ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். கசாப்புத் தொழிலில் வளர்ந்தவர், கறாரான ஆள். கணக்குகளைப் பார்த்துவிட்டு இனி தேறாது என்பதுதான் அவர் சொன்னது. மார்ச் 2 அன்று க்ரூ அலெக்ஸாண்ட்ரா மைதானத்தில் 4-0 என்று தோல்வி. சில நாட்களில் ராஜினாமாக் கடிதம் போய்விட்டது.

சனி, கிரவுன் கிரவுண்டு

ஆட்ட நாள். வாலி சாலையில் மேலே மேலே ஏறினால் கிளப் வந்துவிடுகிறது. வழியில் வாங்கிய 'பட்டர் பை' (butter pie) என்ற மாவுப் பண்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உருளைக்கிழங்கு, வெங்காயம், வெண்ணெய், மிளகு, அவ்வளவுதான் உள்ளே. வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்கர்களுக்காக லங்காஷயரில் உருவான பண்டம். 

1962-க்குப் பிறகு ஸ்டான்லி சிறிய உள்ளூர்ப் போட்டிகளில் ஆடிப் பார்த்தது. 1966-ல் முழுதாக மூடிவிட்டார்கள். 1968-ல் ஊர்க்காரர்கள் ஒரு தொழிலாளர் கிளப்பில் கூடி, மறுபடி ஆரம்பிப்போம் என்று முடிவு செய்தார்கள். 1970-ல் இந்த கிரவுன் கிரவுண்டில் லங்காஷயர் காம்பினேஷன் போட்டியில் இறங்கினார்கள். பழைய ஸ்டேடியமும் இல்லை, லீக் இடமும் இல்லை. இருந்ததெல்லாம் பெயரும் சிவப்புச் சட்டையும்.

முப்பது வருஷம் அடிமட்டத்தில். 1989-ல் டிவியில் ஒரு பால் விளம்பரம் வந்தது. லிவர்பூல் ரசிகனான சின்னப் பையன் ஒருவன், பால் குடிக்காவிட்டால் நீ அக்ரிங்டன் ஸ்டான்லிக்குத்தான் ஆட லாயக்கு என்று லிவர்பூல் நட்சத்திரம் இயன் ரஷ் தன்னிடம் சொன்னதாகச் சொல்வான். அது யார் என்று கேட்பான் கூட இருப்பவன். அதேதான் என்பான் இவன். நாடே சிரித்தது. கிளப்பின் பெயர் தெரியாத வீடு இல்லை என்றும் ஆனது.

1995-ல் எரிக் வாலி என்ற உள்ளூர்த் தொழிலதிபர் கிளப்பை எடுத்தார். 1999-ல் ஜான் கோல்மன் மேனேஜராக வந்தார், ஜிம்மி பெல் அவருக்குத் துணை. 2000-ல் ஒரு படி மேலே. 2003-ல் இன்னொரு படி. 2006-ல், ஃபுட்பால் லீக்குக்கு ஒரு படி கீழே இருந்த கான்ஃபரன்ஸ் போட்டியின் சாம்பியனாகி, 44 வருஷத்துக்குப் பிறகு ஃபுட்பால் லீக்குக்கே திரும்பினார்கள். 1962-ல் ஸ்டான்லி காலி செய்த இடத்தை லீக் யாருக்குக் கொடுத்தது தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டுக்கு. 2006-ல் ஸ்டான்லி உள்ளே வந்தபோது லீக்கிலிருந்து கீழே இறங்கிய இரண்டு கிளப்புகளில் ஒன்று, அதே ஆக்ஸ்ஃபோர்டு.

மைதானம் சின்னது. ஐயாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் இடம். நான் கோலுக்குப் பின்னால் நின்று பார்க்கும் பகுதியில் டிக்கெட் வாங்கினேன். கோல்கீப்பர் நமக்குப் பத்தடி தூரத்தில் நிற்கிறார். டிவியில் கேட்காத விஷயங்கள் இங்கே கேட்கின்றன. கார்னருக்கு முன்னால் அவர் கையுறைகளைத் தட்டிக்கொள்கிற சத்தம், தடுப்பாட்டக்காரர்களைப் பெயர் சொல்லித் திட்டுவது, இரண்டு பேர் தலையால் முட்டப் போகும்போது வரும் அந்த 'டக்'. பந்து ஒருமுறை வேலிக்கு மேல் வந்து என் பக்கத்தில் விழுந்தது. ஈரமாக, சேறு ஒட்டியிருந்த பந்தை ஒரு பாட்டி எடுத்துத் துடைத்துவிட்டு உள்ளே வீசினார். எத்தனை வருஷமாக வருகிறீர்கள் என்று கேட்டேன். பீல் பார்க்கில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவராம். மைதானத்தின் ஒரு ஓரத்தில் ஒரு கூட்டம் முரசு அடித்துக்கொண்டு தொண்ணூறு நிமிஷமும் பாடிக்கொண்டே இருந்தது. கோல் விழாத நேரத்திலும் அந்தப் பாட்டு நிற்கவில்லை.

திரும்பி வந்த பிறகும் ஆபத்து வராமல் இல்லை. 2009-ல் 3,08,000 பவுண்டு வரிப் பாக்கிக்காக வரித்துறை கிளப்பைக் கலைக்கக் கோரி மனு போட்டது. ரசிகர்கள் உண்டியல் குலுக்கினார்கள், மற்ற கிளப் ரசிகர்களும் போட்டார்கள். மீதியை இலியாஸ் கான் என்ற லங்காஷயர்க்காரர் போட்டுக் கிளப்பை மீட்டார். 2015-ல் ஆண்டி ஹோல்ட் வந்தார். பிளாஸ்டிக் சாமான் தொழில் செய்பவர். வரவுக்குள் செலவு என்பதை வெளிப்படையாகப் பேசுகிறவர். 2018 ஏப்ரலில் யோவில் அணியை 2-0 என்று ஜெயித்து, பில்லி கீ போட்ட இரண்டு கோல்களில், ஒரு படி மேலே இருக்கும் லீக் ஒன்னுக்குப் பதவி உயர்வு பெற்றார்கள். அந்த சீசனில் லீக் டூ சாம்பியனும் அவர்களே. ஐந்து சீசன் அங்கே தாக்குப்பிடித்து 2023-ல் மறுபடி இறங்கினார்கள்.

இறங்கினார்கள், ஆனால் ஆடுகிறார்கள். 1893-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 2025 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டுக்கே போய் ஆடி 4-0 என்று தோற்றார்கள். அந்தப் பால் விளம்பரத்துப் பையனின் கிளப்போடு.

ஞாயிறு, ஓக் ஹில் பார்க்

ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. ஓக் ஹில் பூங்காவில் இருக்கும் போர் நினைவுத்தூணைப் பார்க்கப் போனேன். 1914 செப்டம்பரில் மேயர் ஜான் ஹார்வுட் ஊர் இளைஞர்களை ஒரே பட்டாலியனாகச் சேர்த்தார். பத்து நாளில் ஆயிரம் பேர் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஹோவர்டு அண்டு புல்லோவில் அப்போது கதவடைப்பு, பலர் கையில் வேலையில்லை என்பதும் ஒரு காரணம். 1916 ஜூலை 1 காலை, பிரான்ஸில் செர் என்ற கிராமத்தின் முன் இவர்களில் 720 பேர் வரை இறங்கினார்கள். அரை மணி நேரத்தில் 584 பேர் செத்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். செர் கிராமத்தில் இவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தைக் கட்டியது அக்ரிங்டன் செங்கல்லில்.

தூணில் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறது. ஒரே தெருவில், ஒரே மில்லில், ஒரே ஸ்டேடியத்தில் ஒன்றாக நின்றவர்கள்.

மதியம் மழை. அறையிலேயே இருந்துவிட்டேன்.

திங்கள், லிதம் செயின்ட் ஆன்ஸ்

அக்ரிங்டனிலிருந்து மேற்கே பிரெஸ்டன் போய், அங்கிருந்து பிளாக்பூல் சவுத் போகும் ரயிலில் கடற்கரையோரம் வந்தேன். மணல் மேடுகள், நீண்ட பாலம் போல ஒரு பியர், ஓய்வுபெற்றவர்கள் நடமாடும் அமைதியான ஊர். பயண நூல்களில் இதைப் பற்றி வருவதெல்லாம் கோல்ஃப் மைதானம்தான். நான் வந்த காரணம் வேறு. 1959-லிருந்து நாற்பது வருஷம் ஃபுட்பால் லீக்கின் தலைமை அலுவலகம் இங்கே இருந்தது. 1962 மார்ச்சில் ஸ்டான்லியின் ராஜினாமாக் கடிதம் வந்து சேர்ந்தது இந்த ஊருக்குத்தான்.

கடிதம் போன கையோடு, பணம் போட ஆள் கிடைக்கும் என்ற நம்பிக்கை அக்ரிங்டனில் பிறந்தது. ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறோம் என்று இன்னொரு கடிதம் எழுதினார்கள். லீக்கின் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் ஏற்கவில்லை. ராஜினாமா ராஜினாமாதான் என்றார்கள். ஸ்டான்லி அந்த சீசனில் ஆடியிருந்த 33 ஆட்டங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இன்னும் 13 ஆட்டங்கள்தான் மிச்சம் இருந்தன.

ஹார்டேக்கர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடனாளிக் கிளப் நடுவில் நின்றுபோனால் மற்றக் கிளப்புகளுக்கும் நஷ்டம், சட்டப்படி கடிதம் கையில் இருக்கிறது. ஆனாலும் 13 ஆட்டங்கள்! மே வரை பொறுத்திருக்கலாம். சீசன் முடிந்ததும் கடைசி நான்கு கிளப்புகள் மறுபடி ஓட்டுக் கேட்டு நிற்கும் முறை அப்போது இருந்தது. அந்த ஓட்டில் ஸ்டான்லி தோற்றிருக்கலாம். மற்றக் கிளப்புகள் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள், அது வேறு. தொண்டையை அடைத்த ஒரு வாரத்தில் எழுதிய கடிதத்தை வைத்து 41 வருஷத்து இடத்தைப் பிடுங்கியது சரியென்று எனக்குப் படவில்லை. லீக்கைவிடவும் எனக்குக் கோபம் அந்தக் கடிதத்தை அவசரமாக எழுதியவர்கள் மேல். 1893-ல் என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே ஊர்தானே.

செவ்வாய், பெரி

மான்செஸ்டர் திரும்பும் வழியில் டிராம் பிடித்து பெரி ஊருக்குப் போனேன். 1885-ல் தொடங்கிய பெரி கிளப் இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை ஜெயித்தது. 1903 இறுதி ஆட்டத்தில் டார்பி கவுண்டியை 6-0 என்று அடித்தது இன்றும் சாதனைதான், 2019-ல் மான்செஸ்டர் சிட்டி அதைச் சமன் செய்தது, முறியடிக்கவில்லை. 1894-லிருந்து லீக்கில் இருந்த கிளப்.

2019 ஆகஸ்ட் 27 அன்று லீக் பெரியை நீக்கியது. கிளப்பை விற்கும் பேரம் கடைசி நிமிஷத்தில் முறிந்துபோனது. இங்கே யாரும் ராஜினாமாக் கடிதம் எழுதவில்லை. அன்று காலை நூற்றுக்கணக்கான ரசிகர்கள் வாளி, துடைப்பம், துணியோடு கிக் லேன் மைதானத்துக்கு வந்து, அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக இருக்கட்டும் என்று இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் செய்தி வந்தது.

அதற்குப் பிறகு ரசிகர்கள் தனியாக ஒரு கிளப் தொடங்கினார்கள். மைதானத்தை வைத்திருந்த ரசிகர்கள் இன்னொரு தரப்பு. இரண்டும் சேரலாமா என்று ஓட்டு வைத்தார்கள், முதல் முறை போதுமான ஓட்டு விழவில்லை. மனஸ்தாபங்கள். இரண்டாம் முறை நிறைவேறி, 2023-லிருந்து பெரி மறுபடி கிக் லேனில் ஆடுகிறது, லீக்குக்குப் பல படி கீழே. அக்ரிங்டனுக்குத் திரும்பி வர 44 வருஷம் பிடித்தது. பெரிக்கு எவ்வளவு ஆகுமோ.

இன்று ஆட்டம் இல்லை. கேட்டுக்கு வெளியே ஒருவர் ஏணி வைத்து சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, டிக்கெட் கேட்டிலேயே வாங்கலாம் என்றார். என் விமானம் வெள்ளிக்கிழமை. அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் போகிறார்.